சூழலிசை: திறந்த உலக விளையாட்டுகளும் வேங்கட மலைப்பாதையும்

1. முன்னுரை

வீடியோ விளையாட்டு என்பது சிறார் பொழுதுபோக்கு என்னும் எண்ணம் தமிழாய்வுலகில் இன்னும் முற்றிலும் நீங்கவில்லை. ஆயினும் அவ்விளையாட்டுகளுள் ‘திறந்த உலகம்’ எனப்படும் வகை, நிலத்தையும் பொழுதையும் மனிதனது நடையையும் ஒருங்கே கையாளும் ஒரு புதிய கலை வடிவமாக வளர்ந்துள்ளது. இவ்வகையில் ஆடுபவர் ஒரே வழியில் செலுத்தப்படுவதில்லை. மலை, காடு, ஊர், கடற்கரை ஆகியவற்றினூடே அவர் தம் விருப்பப்படி திரியலாம், நிற்கலாம், வந்த வழியே மீளலாம். இத்திரிதலுக்குத் துணையாக ஒலிக்கும் இசையே இக்கட்டுரையின் பொருளாகும்.

இவ்விசையைத் தமிழில் எவ்வாறு பெயரிடுவது, அதன் செயற்பாட்டைத் தமிழ் மரபு தரும் கருவிகளைக் கொண்டு எவ்வாறு விளக்குவது, மொழிபெயர்ப்பாளர்க்கு அதனால் எழும் கடமை யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. திரைக்கு வெளியே, மனிதர் உண்மையாகவே கால்நடையாகத் திரியும் ஒரு வெளியின் ஒலியோடு ஒப்பிட்டாலன்றி இவ்வினாக்கள் தெளிவு பெறா. அதற்கெனத் திருப்பதி மலைப்பாதையும் அதனைச் சூழ்ந்த சித்தூர் வட்டாரமும் தேர்ந்துகொள்ளப்பட்டுள்ளன. பனம்பாரனார் தொல்காப்பியப் பாயிரத்தில் தமிழ்கூறும் நல்லுலகின் வடவெல்லையாகக் குறித்தது இம்மலையையே என்பதும், இன்றும் தெலுங்கும் தமிழும் ஒன்றோடொன்று உரசி நிற்கும் நிலம் இது என்பதும் இத்தேர்வுக்குக் காரணங்கள்.

2. பெயரிடுதலில் உள்ள சிக்கல்

‘பின்னணி இசை’ என்னும் தொடர் திரைப்படத்தின் வழியாகத் தமிழில் நிலைபெற்றது. விளையாட்டுகளைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் இதனையே பெரிதும் ஆள்கின்றனர். இத்தொடரில் இரு குறைகள் உள்ளன. ஒன்று, ‘பின்னணி’ என்னும் சொல் ‘பின்னணிப் பாடகர்’ என்பதில் திரைக்குப் பின் மறைந்து நிற்றலையும், ‘பின்னணி இசை’ என்பதில் காட்சிக்கு அடுத்த நிலையில் நிற்றலையும் உணர்த்துகிறது. இருபொருளிலும் முன்னே வேறொன்று நிகழ்கிறது என்பது உட்கிடை. மற்றொன்று, திரைப்படத்தில் காட்சியின் நீளம் முன்பே அறுதியிடப்பட்டது. இசையமைப்பாளர் அந்நீளத்தை அளந்து இசையை அமைக்கிறார். திறந்த உலகத்திலோ ஆடுபவர் ஒரு குன்றின்மேல் ஒரு நொடி நிற்பாரா, ஒரு மணி நேரம் நிற்பாரா என்பது எவர்க்கும் தெரியாது. அளக்க இயலாத ஒன்றிற்குப் பின்னணி அமைத்தல் இயலாது.

மேலை நாட்டில் இவ்வகை இசைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி, அறையில் கிடக்கும் மேசை நாற்காலி போன்றே கவனத்தைக் கோராது கிடக்கும் இசையை 1917 அளவில் கற்பனை செய்தார். பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென ஓர் இசைத்தட்டை வெளியிட்டு, கூர்ந்து கேட்பதற்கும் கேளாது விடுவதற்கும் ஒருங்கே இடந்தரும் இசை என்னும் கருத்தை நிலைநிறுத்தினார். கனடா நாட்டு இசையறிஞர் மர்ரே ஷேஃபர் 1977இல் வெளியிட்ட நூலில், ஓர் இடத்தின் ஒலிகள் அனைத்தையும் ஒரு நிலக்காட்சி போலவே ஆராயலாம் என்று காட்டினார்.

இவற்றையெல்லாம் உட்கொண்டு ‘சூழலிசை’ என்னும் சொல்லை இக்கட்டுரை ஏற்கிறது. ‘சூழ்’ என்னும் வினையடி சுற்றி நிற்றலையும் ஆராய்தலையும் ஒருங்கே குறிப்பது. கேளாது விடினும் கேட்பினும் பொருந்தும் இசைக்கு இவ்விரு பொருளும் ஏற்றனவே. இதனினும் இன்றியமையாதது இச்சொல்லின் இலக்கண அமைப்பு. தொகைநிலைத் தொடராகிய இதனை மூவகையாக விரிக்கலாம்:

(அ) சூழலை ஆக்கும் இசை - இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை.
(ஆ) சூழலது இசை - ஆறாம் வேற்றுமைத் தொகை.
(இ) சூழலின்கண் இசை - ஏழாம் வேற்றுமைத் தொகை.

ஒரு தொகை பல பொருள்பட விரிதல் தமிழிலக்கணம் உடன்பட்டதே. கலைச்சொல்லாக்கத்தில் இத்தகைய பல்பொருண்மை பெரும்பாலும் குறையாகவே கருதப்படும். ஈண்டோ அதுவே ஆய்வுக் கருவியாகப் பயன்படுகிறது. திறந்த உலகில் இசை இம்மூன்று நிலைகளில் எதில் நிற்கிறது என்று வினவுவதே அதன் பங்கினை அறியும் வழியாகும்.

3. விளையாட்டுகளில் மூவகை

‘மைன்கிராஃப்ட்’ (2011) விளையாட்டில் டேனியல் ரோசன்ஃபெல்ட் அமைத்த பியானோ இசை தொடர்ந்து ஒலிப்பதில்லை. பல நிமிட அமைதிக்குப் பின், எதிர்பாராப் பொழுதில், மெல்ல எழுந்து அடங்குகிறது. ஆடுபவர் அப்போது மண் தோண்டிக்கொண்டிருக்கலாம். மாலைக் கதிரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். செயலுக்கும் இசைக்கும் திட்டமிட்ட தொடர்பில்லை. ஆடுபவரே அத்தொடர்பைக் கற்பித்துக்கொள்கிறார். ‘செல்டா’ வரிசையின் முந்தைய விளையாட்டுகளில் வெட்டவெளிக்கென்று ஒரு வீறார்ந்த பண் இடையறாது ஒலித்தது. 2017இல் வெளிவந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ அம்மரபைக் கைவிட்டுச் சிதறிய பியானோத் துணுக்குகளையும் நீண்ட இடைவெளிகளையும் வைத்தது. அவ்விடைவெளிகளில் புல்லின் அசைவும் காலடியும் கேட்கின்றன. இவை சூழலை ஆக்கும் இசையின் சிறந்த சான்றுகள். இவற்றில் அமைதியும் இசையின் ஓர் உறுப்பே.

‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ (2010) வேறொரு முறையைக் காட்டுகிறது. பில் எல்ம், வூடி ஜாக்சன் ஆகியோர் அதன் இசைப் பகுதிகளை ஏ மைனர் என்னும் ஒரே சுருதி நிலையிலும், நிமிடத்திற்கு 130 தட்டுகள் என்னும் ஒரே நடையிலும் அமைத்தனர். ஆடுபவர் குதிரையேறினால் ஓர் இசையடுக்கு சேரும். பகைவர் எதிர்ப்பட்டால் மற்றொன்று சேரும். ஆபத்து நீங்கின் அவை கழன்றுவிடும். சுருதியும் நடையும் ஒன்றாதலின் எவ்வடுக்கு எப்போது சேரினும் பிசிறு தோன்றாது. தம்புரா ஓரிடத்தில் நிற்க, பாடுவோரும் வாசிப்போரும் வேண்டுழி நுழைந்து விலகும் நம் கச்சேரி மரபை அறிந்தார்க்கு இம்முறை விளங்குதல் எளிது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ (2016) மேலும் ஒருபடி சென்று, இசைக்குழுவினர் அளித்த துணுக்குகளைக் கணிப்பொறியே அவ்வப்போது கோத்து ஒலிக்கச் செய்கிறது.

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ வரிசையில் வண்டிக்குள் ஏறினால் வானொலி ஒலிக்கும். ஆடுபவர் நிலையத்தை மாற்றலாம். இறங்கினால் பாடல் நின்றுவிடும். இது சூழலின்கண் இசை. வேறெங்கோ பிறந்த பாடல் இவ்விடத்தில் வைக்கப்பட்டுள்ளது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையலின் வழியே சொல்லும் ‘வெண்பா’ (2023) திறந்த உலக விளையாட்டன்று. ஆயினும் தமிழிசையை இந்நிலையில் வைத்து நோக்க அதுவே நமக்குக் கிடைக்கும் நல்ல சான்று. டொராண்டோவைச் சார்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவ்விளையாட்டில், வெவ்வேறு காலத் தமிழ்த் திரையிசையின் பாங்கில் புதிதாக அமைக்கப்பட்ட பாடல்கள் சமையலின்போது ஒலிக்கின்றன. பிறந்த நிலத்தின் பாட்டு, பெயர்ந்த நிலத்தின் அடுப்படியில் கேட்கிறது.

சூழலது இசை, அதாவது அந்நிலத்து மாந்தர் தம் வாழ்வின் பகுதியாகத் தாமே எழுப்பும் இசை, இவ்விளையாட்டுகளில் மிக அருகியே காணப்படுகிறது. கடைத்தெருவில் ஒரு பாணனும் மதுக்கடையில் ஒரு பியானோக்காரனும் தோன்றுவதுண்டு. ஆனால் உழுவோர், மீன் பிடிப்போர், பிணம் சுமப்போர் ஆகியோரது ஒலி பெரும்பாலும் இல்லை. இக்குறையின் பொருளை உணரத் தொல்காப்பியத்தை நோக்குதல் வேண்டும்.

4. கருப்பொருளாக இசை

தொல்காப்பிய அகத்திணையியல் கருப்பொருளை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் ஆகியவற்றோடு பறையையும் யாழின் பகுதியையும் சேர்த்தெண்ணுகிறது. நிலத்திற்கேற்ப மாறும் இசை என்னும் கருத்து விளையாட்டுத் தொழிலின் புதுக்கண்டுபிடிப்பன்று என்று இதனால் சொல்லிவிடலாம். ஆனால் அவ்வாறு பெருமை பாராட்டி நிறுத்திவிடுவது ஆய்வாகாது. ஒற்றுமையினும் வேற்றுமையே ஈண்டு மிகுதியும் கற்பிக்கிறது.

உரையாசிரியர்களும் பிற்கால அகப்பொருள் நூல்களும் தரும் பறைப் பெயர்களை நோக்குக. முல்லைக்கு ஏறுகோட்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குச் சூறைகோட்பறை. ஏறு தழுவுதல், மீன் பிடித்தல், கொள்ளையிடுதல் என இப்பெயர்கள் தொழிலைச் சுட்டுகின்றனவேயன்றி உணர்ச்சியைச் சுட்டவில்லை. அதாவது இசை ஈண்டு நிலத்தில் வாழ்வோரது உடைமை, ஆறாம் வேற்றுமைக்குரியது. பிரிவு, இரங்கல் முதலான உணர்ச்சிகள் உரிப்பொருள் என வேறாக வைக்கப்பட்டன. விளையாட்டு இசையமைப்பாளர் பலர் பனிநிலத்திற்குத் தனிமை தோய்ந்த இசையையும் பாலைக்கு அச்சந்தரும் இசையையும் அமைக்கும்போது, தொல்காப்பியர் பிரித்து வைத்த கருவையும் உரியையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். நிலம் என்ன ஒலிக்கிறது என்பதன் இடத்தில், நிலத்தைக் கண்டு நீ என்ன உணர வேண்டும் என்பது வந்து அமர்கிறது. ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ மதிக்கத்தக்கதாவது அதன் பியானோவினால் மட்டுமன்று. உரிப்பொருளை ஆடுபவர்க்கே விட்டுவைத்த அடக்கத்தினாலும் ஆகும்.

அகத்திணையியலின் மற்றொரு விதியும் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. ஒரு நிலத்திற்குரிய பூவும் புள்ளும் வேறொரு நிலத்தில் தோன்றுமாயின், அவை வந்து சேர்ந்த நிலத்தின் பயனையே தரும் என்பது அதன் கருத்து. இவ்விதி பூவையும் புள்ளையும் மட்டுமே பெயர் சுட்டிக் கூறுகிறது. இதனை இசைக்கும் நீட்டுவது இக்கட்டுரையாளரின் கருத்தேயன்றி நூலின் கூற்றன்று. அந்நீட்டிப்பு பொருந்துமா என்பதனை வேங்கடத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

5. வேங்கடப் பாதையின் ஒலி

அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதை ஏறத்தாழ 3,550 படிகளைக் கொண்டது. சந்திரகிரிப் பக்கத்து ஸ்ரீவாரி மெட்டுப் பாதை அதனினும் குறுகியது. இரண்டும் காட்டினூடே செல்வன. நடப்போர் விரைந்தும் நின்றும் தம் மனம்போல் ஏறுகின்றனர். இப்பாதையில் மூவகை இசையும் கேட்கின்றன.

முதலாவது, ‘கோவிந்தா’ என்னும் விளி. ஒரு குழுவினர் எழுப்ப, வளைவுக்கு அப்பால் முகமறியாத மற்றொரு குழுவினர் ஏற்று முழங்குகின்றனர். இவ்விளியை எழுப்புவோரும் கேட்போரும் ஒருவரே. தெலுங்கர், தமிழர், கன்னடர் என்னும் வேறுபாடு அக்குரலில் உடனே புலப்படுவதில்லை. பின்வரும் பேச்சிலேயே புலப்படுகிறது. இது சூழலது இசை.

இரண்டாவது, ஒலிபெருக்கியின் வழி வரும் அன்னமாச்சாரியார் கீர்த்தனைகள். தாள்ளப்பாக்கத்தில் தோன்றி 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவருடைய தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் காக்கப்பட்டன. அச்செப்பேடுகள் பாடலின் இராகப் பெயரைத் தருகின்றன, சுரக்குறிப்பைத் தரவில்லை. ஆகவே இன்று நாம் கேட்கும் மெட்டுகளுள் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில் இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலானோர் அமைத்தவை. தொன்மையானது சொல், மெட்டோ அண்மையது. ஆயினும் படியேறும் ஒருவர்க்கு இரண்டும் மலையைப் போலவே பழமையானவையாகத் தோன்றுகின்றன.

மூன்றாவது, விடியலில் ஒலிக்கும் வேங்கடேச சுப்ரபாதம். பிரதிவாதி பயங்கரம் அண்ணன் வடமொழியில் இயற்றியது இது. மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963இல் இசைத்தட்டாக வெளிவந்த பின், மலையடிவாரத்தில் மட்டுமன்றித் தென்னாட்டின் எண்ணற்ற வீடுகளிலும் கடைகளிலும் அதுவே விடியலின் ஒலியாயிற்று. தமிழ் வைணவர் ஒருவர் வடமொழியில் இயற்றியதைத் தமிழ்நாட்டுப் பாடகியார் பாடத் தெலுங்கு நாட்டு மலை தன்னுடையதாக்கிக்கொண்டது. மார்கழித் திங்களில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுவதும் ஈண்டு நோக்கத்தக்கது. பொழுது மாற இசை மாறுகிறது. இசையோடு மொழியும் மாறுகிறது. திறந்த உலக விளையாட்டின் சொற்களில் கூறின், முதற்பொருளாகிய காலத்தின் தூண்டுதலால் ஓரடுக்கு விலகி மற்றோரடுக்கு சேர்கிறது.

கீர்த்தனையும் சுப்ரபாதமும் முதலில் சூழலின்கண் வைக்கப்பட்டவை. காலம் செல்லச் செல்ல அவை சூழலை ஆக்கி, இறுதியில் சூழலது உடைமையாகவே உணரப்படுகின்றன. ஏழாம் வேற்றுமை இரண்டாவதன் வழியாக ஆறாவதாகிறது எனலாம். வந்த நிலத்தின் பயனைத் தருதல் என்னும் விதியை இசைக்கும் நீட்டுவது பொருந்தும் என்பதற்கு இதுவே சான்றாகும்.

ஆயினும் இப்பயணத்திற்கு ஒரு விலை உண்டு. ஒலிபெருக்கி நடப்பவரது நடையை அறியாது. விளையாட்டின் இசை அறியும். அது காற்றையும் புள்ளையும் மேற்கொண்டு ஒலிக்கிறது, இடைவெளி விடுவதில்லை. குலசேகராழ்வார் இம்மலையில் குருகாகவும் மீனாகவும் செண்பகமாகவும் கானாறாகவும் படியாகவும் ஆகிக் கிடக்க விரும்பினார். கருப்பொருளின் பட்டியலையே ஒருவர் தம் வேண்டுதலாக மாற்றிக்கொண்ட அருஞ்செயல் அது. அப்பட்டியலில் உள்ளவற்றின் ஒலியைக் கேட்க இன்று ஒலிபெருக்கிகளுக்கு இடைப்பட்ட சில படிகளே எஞ்சுகின்றன. மறுபுறம், விளையாட்டின் இசை ஒருவர்க்கே உரியது. என் திரையில் எழுந்த பியானோ அயலவர் காதில் விழாது. மலைப்பாதையின் இசையோ அனைவர்க்கும் பொது. ‘கோவிந்தா’ என்றால் மறுகுரல் வரும். நடையை அறியும் இசையில் மறுகுரல் இல்லை. மறுகுரல் உள்ள இடத்தில் இடைவெளி இல்லை. இவ்விரு குறைகளும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

6. மொழிபெயர்ப்பாளரின் கடமை

மாமூலனார் பாடல்களில் வேங்கடமும் இடம்பெறுகிறது. ‘மொழிபெயர் தேயம்’ என்னும் தொடரும் இடம்பெறுகிறது. அத்தொடரில் ‘பெயர்தல்’ என்பது மொழி மாறுதல். ஒரு நிலத்தைக் கடந்து செல்வோன் காதில் விழும் மாற்றம். நாம் இன்று ‘மொழிபெயர்ப்பு’ என்னும் தொழிற்பெயரால் ஒரு செயலைச் சுட்டுகிறோம். அங்கே அது ஓர் இடத்தின் இயல்பாக இருந்தது.

அவ்வியல்பு இன்றும் மறையவில்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960இல் எல்லை மாற்றத்தின்படி திருத்தணிப் பகுதி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் நகர்ந்தன, காதுகள் நகரவில்லை. சித்தூரிலிருந்து காட்பாடிக்குச் செல்லும் பேருந்தில் தெலுங்குப் பாடல் முடியத் தமிழ்ப் பாடல் தொடங்குவதும், பயணிகள் இரண்டிற்கும் ஒரே இயல்போடு தலையசைப்பதும் அவ்வழியிற் செல்வோர் அறிந்ததே. எந்த ஊரில் ஒரு மொழி முடிந்து மற்றொன்று தொடங்குகிறது என்று அவ்விசையைக் கொண்டு வரையறுத்தல் இயலாது.

இனி, இந்நிலத்தைப் போன்றதொரு நிலத்தை ஒரு திறந்த உலக விளையாட்டு தமிழில் காட்ட நேருமாயின் என்ன நிகழும்? இன்றைய நடைமுறையில் மொழிபெயர்ப்பாளரிடம் உரையாடலும் எழுத்தும் மட்டுமே ஒப்படைக்கப்படுகின்றன. இசை மொழியற்றது, ஆகவே பெயர்க்க வேண்டாதது என்று கருதப்பட்டு அப்படியே விடப்படுகிறது. விளைவாக, தமிழ் பேசும் மாந்தர் நடுவே, இந்தியா என்பதற்கு அடையாளமாக எங்கும் வைக்கப்படும் ஒரு சித்தார் ஒலி மிதக்கலாம். அதனினும் கேடானது மற்றொன்று: தமிழ்ப் பதிப்பு என்பதனால் நிலமெங்கும் தமிழ்ப் பாடலையே நிரப்பி, எல்லை நிலத்தின் தெலுங்கை அழித்துவிடுதல். முன்னது அறியாமை, பின்னது பற்றின் பெயரால் நிகழும் பிழை. இரண்டும் மொழிபெயர் தேயத்தை ஒரே மொழியின் தேயமாக்கிவிடும்.

ஆகவே ஒலிப்பதிவு ஒன்றைக் கையில் பெறும் மொழிபெயர்ப்பாளர் முதலில் கேட்கவேண்டிய வினா, ‘இது எம்மொழிப் பாட்டு?’ என்பதன்று, ‘இத்தொகை எவ்வேற்றுமையில் விரிகிறது?’ என்பதே. சூழலை ஆக்கும் இசையாயின் அதனைத் தொடாது விடலாம். ஆனால் அதன் இடைவெளிகளை உரையாடலால் நிரப்பிவிடக் கூடாது. சூழலின்கண் வைத்த இசையாயின் அதன் அயன்மையைக் காத்தல் வேண்டும், ‘வெண்பா’வின் அடுப்படிப் பாட்டு தமிழாக இருப்பதே அங்குப் பொருள், அதனை வேற்றுமொழிக்கு மாற்றினால் கதையே இல்லை. சூழலது இசையாயின், விளி, தாலாட்டு, விலைகூறல், ஒப்பாரி ஆகியவற்றை மூலத்தின் சொல்லோடு விட்டு, அவற்றின் பொருளை வேறு வழியால் உணர்த்துதல் நன்று. மறுகுரல் எழவேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்பு மறுகுரலாக அமையலாம். மூலக்குரலை அடக்குவதாக அமைதல் கூடாது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகள் வருமாறு. திறந்த உலக விளையாட்டின் இசையைப் ‘பின்னணி’ என்னும் சொல் உணர்த்தாது. ‘சூழலிசை’ என்பதே பொருந்தும். அத்தொகையின் மூவகை விரியும் அவ்விசையின் மூவகைப் பங்கைக் காட்டுகின்றன. தமிழ்த் திணைமரபு இசையைக் கருவில் வைத்து உணர்ச்சியை உரியில் வைத்தது. இன்றைய விளையாட்டுகள் பெரும்பாலும் இப்பிரிவைக் கலைத்துவிடுகின்றன. ஓரிடத்தில் வைக்கப்பட்ட இசை அவ்விடத்தின் இசையாக மாறுதல் கூடும் என்பதற்கு வேங்கடப் பாதை சான்று. அம்மாற்றம் பிற ஒலிகளை விழுங்கவும் கூடும் என்பதற்கும் அதுவே சான்று.

நிலத்தை வரைந்து, பொழுதை ஓட்டி, மாந்தரை நடமாடவிட்டு உலகொன்றைப் படைக்கும் ஆற்றல் இன்று கணிப்பொறிக்கு வாய்த்துள்ளது. அவ்வுலகில் ஒருவர் எழுப்பும் குரலுக்கு வளைவுக்கு அப்பாலிருந்து இன்னொருவர், இன்னொரு மொழியில் மறுமொழி தரும் நாள் வருமாயின், அன்றே அது முழுமையாகத் திறந்த உலகம் எனப்படத் தகும்.